ஒன்பது துணிகள்

டிசம்பர் 24, புதன்

அரையாண்டு விடுமுறையின் முதல் நாள். விடியலில் பனி. எட்டரைக்குப் பிறகுதான் சாலையின் எதிர்ப்பக்கம் தெரிந்தது. அம்மா ஐந்தரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிட்டாள்.

செய்ய வேண்டியவை:
1. கணக்கு. முக்கோணவியல் பாதி மீதி.
2. நூலகப் புத்தகம் திருப்ப. கெடு தாண்டி நான்கு நாள்.
3. ஷெட் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுக்க.

மூன்றாவதை முதலில்.

ஆகஸ்டில் நைனா இறந்துபோனார். அதற்குப் பிறகு அவருடைய மெக்கானிக் ஷெட்டின் ஷட்டரைத் தூக்குவது இது இரண்டாவது முறை. பூட்டுக்கு எண்ணெய் விட வேண்டியிருந்தது. உள்ளே எல்லாம் அப்படியே. ஸ்பேனர்கள் அளவு வரிசையில். மேசை இழுப்பறையில் மூக்குக்கண்ணாடி. சுவிட்ச் போர்டுக்குப் பக்கத்துச் சுவரில் சாக்பீஸால் எழுதிய 9. யாரும் அழிக்கவில்லை.

வந்திருப்பது பழவேற்காடு ஜமால் பாயின் கார். அவருடைய அப்பா காலத்து வண்டி, வட்ட மூக்கு, கடல்பச்சை. இன்ஜின் பின்னால். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. காற்றாடி ஊதுகிற காற்றிலேயே ஆற வேண்டும். நைனா மே மாதத்தில் உட்கார்ந்து அந்த இன்ஜினைப் புதிதாகக் கட்டிக் கொடுத்தார். அதுதான் அவர் கட்டிய கடைசி இன்ஜின். ஜூலையில் "ரொம்ப சூடாவுது" என்று பாய் போன் செய்தபோது நைனா ஆஸ்பத்திரியில். நவம்பரில் கும்மிடிப்பூண்டி தாண்டி நடுரோட்டில் நின்றேவிட்டது.

ஏழுமலை சித்தப்பா ரோலிங் மில்லில் ஃபிட்டர். ஷிப்டு போக மீதி நேரத்தில் பிரித்துப் பார்க்கிறேன் என்று ஒப்புக்கொண்டார்.

ஜமால் பாய் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே பேசினார்.

"நான் யாரயும் குத்தம் சொல்ல வரல ஏழுமல. இன்னா ஆச்சுன்னு தெரிஞ்சா போதும். அண்ணன் ஒரு அட்ட எழுதிக் குடுப்பாரே, அந்த மாதிரி எழுதிக் குடு."

நைனாவின் பார்வை அட்டை. நான்கு கட்டம்: பாகம், அளவு, நிலை, காரணம். ஆறாம் வகுப்பிலிருந்து நான்தான் எழுதுவேன், என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று. இதற்கும் நானே.

பக்கத்து லேத் பட்டறை சீனு அண்ணன் டீ கிளாஸோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னாத்த அளக்கப் போற ஏழுமல? கடைசில அவருக்குக் கையே நிக்கல. டீ குடிச்சா பாதி சட்ட மேல. அந்தக் கையால பூட்டுனது வேற எப்பிடி இருக்கும்?"

"புள்ள இருக்குது, வாய மூடுறியா?"

"நான் இன்னா பொய்யா சொல்றேன்? டயாலிசிஸ்ல ஒக்காந்துகினே வேல பாத்தவரு. மூளயும் கொஞ்சம் கொழம்பிப் போச்சு, பாவம்."

நான் கோடு போட்டுக்கொண்டே இருந்தேன். கோடு கோணிவிட்டது. வேறு அட்டை.

ஏழு மணிக்கு அம்மா. செருப்பைக் கழற்றும் முன்பே: "பாத்தீங்களா? அவரு தப்பு பண்ணாரா?"

இன்னும் திறக்கவே இல்லை என்றேன்.


டிசம்பர் 25, வியாழன்

காலையிலிருந்து சர்ச் ஒலிபெருக்கி. ஈரக் காற்று. சித்தப்பாவுக்கு லீவு.

பிரிப்பதற்கு முன் சிலிண்டர் அழுத்தம் பார்த்தோம்:
1 — 118
2 — 116
3 — 60
4 — 107

மூன்றாவதில்தான் சங்கதி.

வடித்த ஆயில் கறுப்பு, தீய்ந்த வாசனை. அடியில் ஜிகினாபோல் மினுக்குத் தூள். காந்தத்தைக் காட்டினால் ஒட்டவில்லை. ஒட்டாவிட்டால் இரும்பு இல்லை, அலுமினியம். பிஸ்டன் தேய்ந்து உதிர்ந்திருக்கிறது. சித்தப்பா "ம்" என்றார். அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

பிறகு ஹெட் நட்டுகள். பக்கத்துக்கு எட்டு, மொத்தம் பதினாறு. ஒவ்வொன்றின் தலையிலும் மஞ்சள் பெயின்ட் பொட்டு. அளவாக முறுக்கிய பிறகுதான் நைனா பொட்டு வைப்பார். சீனு அண்ணன் சொன்னது சரியென்றால், நடுங்குகிற கையால் முறுக்கியது ஒன்று இறுக்கமாக, ஒன்று தளர்வாக இருக்க வேண்டும். சித்தப்பா, இறுக்கத்தைக் காட்டும் முள் வைத்த ரெஞ்சால் ஒவ்வொன்றாகத் தளர்த்தி எண்ணைச் சொல்லச் சொல்ல எழுதினேன். பதினாறும் கிட்டத்தட்ட ஒரே எண்.

சித்தப்பா அட்டையை வாங்கி இரண்டு தரம் படித்தார். பிறகு சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கிற மாதிரி:

"யோவ் சீனு! வந்து பாரு. இதான் நடுங்குற கையா?"

லேத் ஓடிக்கொண்டிருந்தது.

சாயங்காலம் அம்மாவிடம் பதினாறு எண்களையும் படித்துக் காட்டினேன். அவளுக்கு அந்த எண்கள் எதுவும் புரியாது. "இன்னொரு தபா படி" என்றாள். சோறு கொஞ்சம் கூடுதலாகச் சாப்பிட்டாள்.

கணக்கு போடவில்லை.


டிசம்பர் 26, வெள்ளி

சித்தப்பாவுக்கு முதல் ஷிப்டு. ஷெட் பூட்டு. வெயில் வந்து வந்து போனது.

நூலகம். துருவப் பயணங்கள் பற்றிய புத்தகத்தை மறுபடியும் என் பேரிலேயே எடுத்துக்கொண்டேன், மூன்றாவது முறை. நூலகர் அக்கா: "அந்த ஐஸ்லயே குடி போய்ட்டியா?" பக்கம் அடையாளத்துக்கு பஸ் டிக்கெட் வைத்திருக்கிறேன். முன்பு துணி வைப்பேன். நைனாவின் பழைய லுங்கியில் கிழித்தது, நீலக் கட்டம்.

ஷெட்டில் இன்ஜினுக்கும் அதே லுங்கித் துணிதான். அதைப் பற்றி எழுதி வைக்க வேண்டும். வேறு ஷெட்டில் இப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

இன்ஜினைக் கட்டும்போது திறந்திருக்கிற ஒவ்வொரு ஓட்டையிலும், சந்திலும் ஒரு துணித்துண்டு செருகுவார், நட்டோ வாஷரோ உள்ளே விழாமல். எத்தனை செருகினார் என்பதைச் சுவரில் எழுதுவார். மூடுகிற அன்று ஒவ்வொன்றாக உருவித் தட்டில் போடுவார். நான் எண்ண வேண்டும். சுவரில் உள்ள எண்ணை நான் சொன்னால்தான் மூடுவார். அவர் எண்ண மாட்டார். "ரெண்டு பேரு எண்ணா, அவன் எண்ணுவான்னு இவனும் இவன் எண்ணுவான்னு அவனும் உட்டுடுவான். எண்றது ஒரே ஆளா இருக்கணும் பாப்பா."

அந்த ஒரே ஆள் நான். பள்ளிக்கூடத்தில் கிளாஸ் லீடர் ஆனபோதுகூட அவ்வளவு பெருமை இல்லை.

இரவுச் சாப்பாடு: ரசம், அப்பளம்.


டிசம்பர் 27, சனி

எழுதப் பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலை ஹெட் இரண்டும் கழன்றன. வால்வுகள் சரி. பிஸ்டன் 1, 2 சரி. ரிங் இடைவெளிகள் சரி. ஒவ்வொரு "சரி"யையும் பெரிதாக எழுதினேன்.

பதினோரு மணிக்கு 3. சிலிண்டர் லேசில் வரவில்லை. சித்தப்பா மரச் சுத்தியலால் தட்டித் தட்டி இழுத்தார். பிஸ்டனின் ஒரு பக்கம் நெடுக உராய்ந்து, சாம்பல் நிறத்தில் இழுவை இழுவையாக. பாதிச் சிலிண்டர் நீலம் பாரித்திருந்தது. சூடு தாங்காமல்.

"3 மட்டும் ஏன் வெந்துச்சு? காத்து எங்கியோ நின்னுருக்குது" என்று சித்தப்பா டார்ச் அடித்தார். மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில், அடியில் உள்ள தகட்டுக்கும் காற்று புகுகிற சிலிண்டர் மடிப்புகளுக்கும் இடையில் ஏதோ பழுப்பாக. குறடால் இழுத்தார். நீளமாக வந்தது.

துணி. ஒரு முனை கருகி, கையில் எடுத்ததும் பொடிந்தது. மறுமுனையில் நீலக் கட்டம் தெரிந்தது.

ஆயில் தட்டில் ஈ.

சித்தப்பா நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். 9. அலமாரியிலிருந்து நைனாவின் துணி டப்பாவை எடுத்து, மேலாக ஓரத்தைப் பிடித்துப் பிடித்து எண்ணினார். ஒன்பது.

"ஒம்போது இங்க. ஒண்ணு அங்க. பத்து சொருகியிருக்காரு, ஒம்போதுன்னு எழுதிட்டாரு." பிறகு மெதுவாக: "அண்ணா, இன்னாண்ணா."

சீனு அண்ணன் வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது.

"நான் சொன்னப்போ கோவம் வந்துச்சு. கை இல்லப்பா, மூள. பத்துக்கும் ஒம்போதுக்கும் வித்தியாசம் தெரியாத அளவுக்குப் போய்ட்டாரு மனுசன்."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அவர் கண் கலங்கியிருந்தது. அதுதான் தாங்கவில்லை.

அம்மா வந்ததும் கேட்டாள். சித்தப்பா சொன்னார். அம்மா தலையாட்டிவிட்டு முகம் கழுவப் போனாள். குழாய் ரொம்ப நேரம் ஓடியது. மோட்டார் போட்டுத்தான் தொட்டியை மறுபடி நிரப்பினோம்.


டிசம்பர் 28, ஞாயிறு

தூறல். அம்மாவுக்கு வார லீவு. துணி துவைத்தாள், காயவில்லை.

ஷெட்டில் குடையை விட்டுவிட்டேன் என்று சொல்லிச் சித்தப்பாவிடம் சாவி வாங்கிக்கொண்டு போனேன். பொய். குடை வீட்டில்தான் இருக்கிறது.

டப்பாவைத் திறந்து துணிகளை ஒவ்வொன்றாகத் தரையில் விரித்தேன். சித்தப்பா சரியாகத்தான் எண்ணியிருக்கிறார். ஒன்பது. ஆனால் எட்டில் ஆயில் கறை ஊறி, துவைத்தும் போகாமல் கறுத்துக் கிடக்கிறது. ஒன்று மட்டும் வெளுத்த நீலம். எண்ணெய்ப் பொட்டுகூட இல்லை. ஓரத்தில் பேனா மை.

என் பேனா.

வீட்டுக்கு வந்து பெட்டியிலிருந்து பழைய நாட்குறிப்பை எடுத்தேன். மே 18, ஞாயிறு. அப்படியே இங்கே எழுதுகிறேன்:

"அனல். மின்சாரம் இரண்டு மணி நேரம் இல்லை. இன்ஜின் மூடினோம். துணி 9க்கு 9. நைனா சந்தோஷம், பரோட்டா வாங்கித் தந்தார். துருவப் புத்தகத்தில் அடையாளத் துணி எங்கோ விழுந்துவிட்டது, பக்கம் தேட வேண்டியதாயிற்று. 143."

ஒரே பத்தி. நடுவில் ஒரே ஒரு வரி. நானே எழுதியது. எழுதியபோது தெரியவில்லை.

நினைவு வருகிறது. தட்டுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் புத்தகம். அவர் ஒன்று உருவிப் போடுவார், நான் "ஒண்ணு" என்பேன், ஒரு வரி படிப்பேன். கப்பல் ஐஸில் சிக்கிக்கொண்ட இடம். நடுவில் என் அடையாளத் துணி தட்டில் விழுந்திருக்கிறது. பார்க்காமல் அதையும் எண்ணியிருக்கிறேன். அவருடையது எட்டு, என்னுடையது ஒன்று.

"ஒம்போது, நைனா."

"சரியா?"

"சரி."

அவர் மூடினார்.

இதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஜூலையில் ஆஸ்பத்திரியில் பாயின் போன் வந்த மறுநாள், நைனா படுத்தபடியே கேட்டார். கையில் ஊசி. குரல் சன்னமாக.

"பாப்பா, துணி ஒம்போதும் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு நைனா. நான்தான எண்ணேன்."

"ஆமா, நீதான எண்ண." பிறகு ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "அப்ப நான்தான் எங்கியோ தப்பு பண்ணியிருக்கேன்."

அந்த ஒரு மாதமும் தினம் அதையே யோசித்தார். நட்டா, ரிங்கா, தகடா. விரலால் போர்வையில் இன்ஜின் படம் போட்டுப் போட்டுப் பார்த்தார்.


டிசம்பர் 29, திங்கள்

சித்தப்பாவுக்கு ஷிப்டு. வெயில். அம்மா வேலைக்கு.

முக்கோணவியல் முழுவதும் முடித்தேன். எல்லா விடையும் சரி. மறுபடி மறுபடி சரிபார்த்தேன்.

சொல்லாமலேயே இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும், எழுதியும் வைத்துவிட்டேன். பக்கத்தைக் கிழிக்கவில்லை.


டிசம்பர் 30, செவ்வாய்

மேகம். சித்தப்பா மூன்று மணிக்கு ஷிப்டு முடிந்து நேரே வந்தார். நாளை பாய் வருகிறார், அட்டை முடிய வேண்டும்.

அவர் சொல்ல, நான் எழுத.

"சிலிண்டர் மூணு, பிஸ்டன் உராய்வு. எழுதிட்டியா? நெல — மாத்தணும். காரணம்…" நிறுத்தினார். தாடையைச் சொறிந்தார். "காரணம், காத்துப் பாதையில் துணி. பூட்டுனவர் கவனக்குறைவு. வேற எப்பிடி எழுதறது? அண்ணன் பேரு போட வேணாம். பூட்டுனவர்னு போதும்."

எழுதி நீட்டினேன். அவர் கண்ணாடி இல்லாமல் தூரமாகப் பிடித்துப் படித்தார்.

"காத்துப் பாதையில் துணி. துணி எண்ணியவர் கவனக்குறைவு. எண்ணியவர்: த. பவித்ரா." பிறகு என்னைப் பார்த்தார். "இன்னாது இது?"

சொன்னேன். மை பட்ட துணியைக் காட்டினேன். மே 18ஐக் காட்டினேன். அழாமல் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தேன். பாதி வரைக்கும் முடிந்தது.

சித்தப்பா டூல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார்.

"உன்ன அவரு எண்ண வெச்சாரா? எனக்குத் தெரியாதே." அட்டையை மடியில் வைத்துக்கொண்டு: "த பாரு பாப்பா. அவரு போய்ட்டாரு. அவர யாரு இன்னா சொன்னா இன்னா இப்போ? நீ பத்தாவது படிக்கிற புள்ள. இந்த ரோட்டுல எல்லாரும் உன்னக் காமிச்சு பேசுவாங்க. வேற அட்ட எடு."

நான் எடுக்கவில்லை. அவரும் கிழிக்கவில்லை.

ஏழு மணிக்கு அம்மா வந்தபோது அட்டையை அவள் கையில் கொடுத்தேன். அவள் எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். என் பெயரில் நின்றாள். மறுபடி எல்லாம் சொன்னேன்.

அம்மா ஒன்றுதான் கேட்டாள்.

"ஆஸ்பத்திரில கேட்டாரே. அப்ப நீ இன்னா சொன்ன?"

"ஒம்போதும் வந்துச்சுன்னு."

அம்மா அட்டையை மடிக்காமல் சாமி அலமாரியில் வைத்தாள். எனக்குச் சோறு போட்டாள். அவள் சாப்பிடவில்லை. படுக்கும்போது என் பக்கம் திரும்பிப் படுக்கவில்லை.


டிசம்பர் 31, புதன்

பனி. அம்மா கம்பெனிக்குப் போகவில்லை. அரைநாள் லீவு சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை.

எட்டு மணிக்கு அட்டையை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நான் பின்னால். ஷெட்டுக்குப் போகவில்லை. நேரே லேத் பட்டறை. சீனு அண்ணன் நாஷ்டா பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணி, இன்னா காலங்காத்தால…"

"படி சீனு."

"இன்னா இது?"

"படி. சத்தமா படி."

படித்தார். கடைசி வரியில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அம்மா காத்திருந்தாள். "கடசி வரி கேக்கல. மறுபடி படி."

"எண்ணியவர்: த. பவித்ரா." சீனு அண்ணன் என்னைப் பார்த்தார், சட்னியைப் பார்த்தார். "அண்ணி, நான் தப்பான எண்ணத்துல சொல்லல…"

"அவரு கை நடுங்குச்சு. நான்தான் சோறு ஊட்டுனேன், எனக்குத் தெரியாதா? மூள நடுங்கல. ஒம்போதுன்னா ஒம்போதுதான் வெச்சாரு. இனிமே டீக்கடைல பேசறப்போ இதயும் சேத்துப் பேசு."

அட்டையை வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வாசலில் என் தோளைப் பிடித்தாள். பிடித்தது வலித்தது. விடவில்லை. ஷெட் வரைக்கும் அப்படியே.

பத்து மணிக்கு ஜமால் பாய். அட்டையை முதல் கட்டத்திலிருந்து நிதானமாகப் படித்தார். பதினாறு நட்டு எண்களையும் விரல் வைத்துப் படித்தார். கடைசி வரிக்கு வந்ததும் சட்டைப் பையிலிருந்து பேனா எடுத்தார்.

"பேர மட்டும் அடிச்சுடவா தாயி?"

"வேணாம் பாய்."

பேனாவை மூடினார். சித்தப்பாவிடம்: "மெட்ராசுக்கு எடுத்துகினு போலாம்னு இருந்தேன். வேணாம். அண்ணன் பூட்டுன மாதிரியே நீயே பூட்டு."

அவர் போனதும் அம்மா மதிய பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். இன்னும் என்னோடு பேசவில்லை.


ஜனவரி 1, வியாழன்

வெயில் சுள்ளென்று. பக்கத்துக் கடையில் கேக் கொடுத்தார்கள்.

மினுக்குத் தூள் உள்ளே எங்கும் இருக்கக்கூடும் என்று இன்ஜின் கூட்டையே இரண்டாகப் பிரித்தோம். நைனா போட்ட சிவப்புப் பசை ஓரம் முழுக்க ஒரே அகலத்தில். பிரிய மனமில்லாமல் பிரிந்தது.

சித்தப்பா "பாப்பா, இங்க வா" என்றார்.

கீழ் மூலையில், பசை காய்வதற்கு முன் அழுத்திய கட்டைவிரல் ரேகை. குறுக்கே ஒரு சாய்ந்த கோடு, காற்றாடி பெல்ட் கிழித்த தழும்பு. நைனாவுடையது. ஒவ்வொரு வரியும் தெரிகிறது. போட்டோவில்கூட இவ்வளவு கிட்டத்தில் பார்த்ததில்லை. என் விரலை வைத்துப் பார்த்தேன். பெரிசு அவருடையது.

பழைய பசை துளி இருந்தாலும் புதுப்பசை ஒட்டாது, ஆயில் கசியும். தின்னர் போட்டுத் துடைத்தாக வேண்டும்.

சித்தப்பா தின்னரில் துணியை நனைத்தார். அந்த மூலையைத் தவிர மீதி எல்லாம் துடைத்தார். பிறகு துணியை என் கையில் கொடுத்துவிட்டு, டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று போனார். அவர் இப்போதுதான் டீ குடித்திருந்தார்.

துடைத்தேன்.

துணி: கொடுத்தது 1. திரும்ப எடுத்தது 1.